சொல்லுக்குக் காசு கொடுப்பது யார்?

2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தமிழுக்குத் திறந்துவிட்டது. தமிழ் வலைப்பதிவுகளுக்கு அப்போது ஏறக்குறையப் பதினைந்து வயது. 2003இல் ஒரு சிலர் தொடங்கினார்கள். 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம் திரட்டி அவர்களை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியது. அதன்பின் சங்க இலக்கியம், சமையல், பங்குச் சந்தை, பட விமர்சனம் என்று எழுதாத பொருள் இல்லை. இந்திக்கு 2014 டிசம்பரிலேயே கிடைத்த விளம்பர வசதி தமிழுக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பதிவர்களில் பலர் முகநூலுக்குப் போயிருந்தார்கள். பலர் எழுதுவதையே விட்டிருந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆங்கிலப் பதிவு ஒன்றைக் காட்டிக் கணக்கு வாங்கி, அதே விளம்பரத்தைத் தமிழ்ப் பக்கத்திலும் ஒட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கணக்கு முடங்கியதுதான் மிச்சம்.

இணையத்தில் எழுதிப் பிழைக்க முடியுமா என்று இன்று கேட்கும் இளைஞருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலச் சந்தையில் பிறந்தவை: ஒரு துறையைப் பிடித்துக்கொள், தினமும் எழுது, பின்தொடர்வோரைச் சேர், பணம் தானாக வரும். ஆங்கிலத்தில் விளம்பரக் காசு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இது ஓரளவு மெய். தமிழில் முதலில் கேட்க வேண்டியது, எழுத்துக்குப் பணம் தருவது யார் என்பதுதான். விளம்பரதாரரா, வாசகரா, நிறுவனமா? மூவரும் வாங்குவது மூன்று வேறு சரக்குகள். எதை எழுதுவது, யார் பெயரில் எழுதுவது, எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் இதற்குப் பின்னால்தான் வரும்.

தமிழில் எழுத்தும் வருமானமும் எப்போதுமே தனித்தனி வீட்டில்தான் குடியிருந்தன. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியர். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966இல் விட்டுவிட்டு முழுநேர எழுத்துக்கு வந்த அசோகமித்திரன் பிற்பாடு அதன் நெருக்கடிகளைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். ‘எழுத்து’ இதழ் நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இணையம் வந்தபோது பத்திரிகை ஆசிரியரின் தயவு தேவைப்படாமல் போயிற்று. அதுவே பெரிய விடுதலையாகத் தோன்றியதால், பத்திரிகை கொடுத்துவந்த சொற்பச் சன்மானமும் கூடவே போய்விட்டதை அநேகர் கவனிக்கவில்லை.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எழுத்தைச் சுற்றி வரும் விளம்பரத்துக்கான விலை, அந்த எழுத்தை எந்த நாட்டில் யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்ப் பக்கம் ஒன்றுக்கு வரும் விலையை வைத்துத் தனி மனிதர் குடும்பம் நடத்த வேண்டுமானால், அவர் ராசிபலனும் நடிகர் நடிகையர் செய்தியும் அரசுத் தேர்வு அறிவிப்பும் மணிக்கொன்றாகப் போட வேண்டியிருக்கும். அப்படிப் போடும் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் சம்பளக்காரர்கள்.

வாசகரே பணம் தரும் வழிதான் உண்மையில் சுவாரசியமானது. அதைத் தமிழில் முதலில் கண்டுபிடித்தவர்கள் இலக்கியவாதிகள் அல்லர், குடும்ப நாவல் எழுதும் பெண்கள். ரமணிசந்திரனை மாத நாவலாக வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை இது. தாங்களே கதை எழுதத் தொடங்கியபோது இவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. தங்களுக்கென்று தளங்களை அமைத்துக்கொண்டு வாரம் இரண்டு மூன்று அத்தியாயங்களாகத் தொடர் போட்டார்கள். அத்தியாயத்துக்கு இவர்கள் உலகில் பெயர் ‘யூடி’. இன்று யூடி வரவில்லையென்றால் வாசகிகள் ஏன் என்று கேட்பார்கள். ஆசிரியை குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதில் சொல்வார். கேட்டவரே மருந்தும் சொல்வார். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே இத்தனை நெருக்கம் தமிழ் அச்சிதழ் வரலாற்றில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நெருக்கம் காசாக மாறக் கிண்டில் வர வேண்டியிருந்தது. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் மின்னூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, மாதச் சந்தா கட்டி எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் இந்தியாவுக்கு வந்திருந்தது. சந்தா வாசகர் படிக்கும் புத்தகத்துக்கு ஆசிரியருக்கு விற்பனை விலையில் பங்கு கிடையாது. படித்த பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மாதாமாதம் ஒதுக்கப்படும் நிதியைப் பொறுத்து அந்தத் தொகை மாறும். இந்தியாவில் அது பைசாக் கணக்குதான். பக்கத்துக்குப் பத்துப் பைசா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 400 பக்க நாவலை ஒருவர் கடைசிவரை படித்தால் நாற்பது ரூபாய். அதே நாவல் அச்சில் 400 ரூபாய்க்கு விற்று, ஆசிரியருக்கு வழக்கமான பத்து சதவீதம் ராயல்டி கிடைத்தாலும் அதே நாற்பது ரூபாய்தான். வித்தியாசம் எங்கே என்றால், இன்று தமிழ் நாவல் பல சில நூறு பிரதிகளில் முடங்கிவிடுகிறது. ராயல்டிக் கணக்கும் ஆண்டுக்கு ஒருமுறை, வந்தால் வரும். கிண்டிலில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்பதை எழுதியவர் அன்றாடம் பார்க்கிறார். பணம் மாதந்தோறும் வங்கியில் விழுகிறது. அடுப்படி வேலை முடித்துவிட்டு இரவில் எழுதும் ஒரு பெண்ணுக்கு, வீட்டில் யாரையும் கேட்காமல் தன் கணக்கில் ஏறும் அந்தப் பணம் எத்தகையது என்பதை நம் விமர்சகர்கள் யாரும் எழுதவில்லை.

பணம் வரும் வழி கதையின் வடிவத்தையும் மாற்றும். பக்கத்துக்குப் பணம் என்றால் கதை நீளும். அண்ணன் கதை முடிந்ததும் தம்பி கதை, தம்பி கதை முடிந்ததும் நண்பன் கதை என்று வரிசை பிறக்கும். சந்தா திட்டத்தில் சேர்ந்த மின்னூல் 90 நாள்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது என்பது அமேசான் விதி. அதனால் தளத்தில் முடிந்த தொடரை எடுத்துவிட்டுக் கிண்டிலில் ஏற்றுவார்கள். திட்டத்திலிருந்து விலக்கிய பிறகு சில நாள்களுக்கு மட்டும் மறுபடி தளத்தில் போடுவதற்கு ‘ரீரன்’ என்று பெயர். சினிமா வெளியீட்டு உத்தியைப் போன்ற இதை யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிண்டிலுக்கு முன்போ பின்போ சென்னையில் குடும்ப நாவலுக்கென்றே இருக்கும் சிறு பதிப்பகங்கள் வழியாக அச்சுப் புத்தகமும் வரும். ஒரே கதைக்கு நான்கு வெளியீடு.

நான்கையும் அரிக்கும் கறையான் ஒன்று உண்டு. கிண்டிலில் ஏறிய மறுநாள் அந்த நாவல் பிடிஎஃப் ஆகி டெலிகிராம் குழுக்களில் உலவும். பரப்புகிறவர்கள் தங்களைத் திருடர்களாக நினைப்பதில்லை, வாசிப்பை வளர்ப்பதாகவே நம்புகிறார்கள். பெரிய பதிப்பகத்துக்கு இது சிறு நட்டம். பக்கத்துக்குப் பைசா வாங்கும் ஒருவருக்கு அந்த மாத வருமானமே போய்விடும்.

அமேசான் 2018இல் தன் ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழையும் சேர்த்தது. பரிசுத் தொகை பெரிதாக இருந்ததால் அதுவரை கிண்டிலை ஏளனம் செய்தவர்களும் எழுத வந்தார்கள். விற்பனையும் வாசகர் மதிப்பீடும் முதற்கட்டத் தேர்வில் கணக்கில் எடுக்கப்பட்டதால், முகநூலில் ஐந்து நட்சத்திரம் கேட்டுத் தேர்தல் பிரசாரமே நடந்தது. தமிழனுக்குத் தேர்தல் என்றால் கட்சியும் வந்துவிடும், வந்தது. இருந்தாலும், புத்தகத்தைத் தானே வடிவமைத்துத் தானே விலை வைத்து வெளியிடலாம் என்பது அந்தச் சண்டைகளின் வழியாகத்தான் ஊருக்குத் தெரிந்தது.

2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி இதே வாசகரை வேறு வழியில் அணுகுகிறது. கைபேசியிலேயே எழுதலாம், கைபேசியிலேயே படிக்கலாம்; வாசகர் நாணயம் வாங்கி எழுத்தாளருக்குத் தரலாம், சந்தா கட்டி அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே திறக்கலாம். ஒரு வரி எழுதாதவரையும் ஒரு வருடத்தில் தொடர்கதை ஆசிரியராக்கிவிடும் பயிற்சிக்கூடம் என்று இதைச் சொல்வேன். இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. வாசகர் செயலிக்குச் சொந்தம், எழுத்தாளருக்கு அல்ல. பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர்களில் ஒருவருடைய முகவரியும் உங்களிடம் இருக்காது. எந்தக் கதை மேலே தெரிய வேண்டும் என்பதைச் செயலி முடிவுசெய்யும். வாட்ஸப் குழுவோ மின்னஞ்சல் பட்டியலோ வைத்துத் தம் வாசகரைத் தனியாகவும் சேர்த்துக்கொண்ட நாவலாசிரியைகள் இதில் மற்றவரைவிடச் சாமர்த்தியசாலிகள்.

இலக்கிய எழுத்தில் வாசகர் சந்தா இன்னும் கைக்கெட்டவில்லை. சாரு நிவேதிதா தன் தளத்தில் வாசகர்களிடம் நன்கொடையும் சந்தாவும் வெளிப்படையாகக் கேட்டார். கேட்டதற்காகக் கேலி செய்யப்பட்டார். ஜெயமோகன் 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ தொடரின் 26 நாவல்களையும் நாளொரு அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகவே வெளியிட்டார். வருமானம் சினிமாவிலிருந்து வந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிவந்த பா. ராகவன் 2022இல் ‘மெட்ராஸ் பேப்பர்’ என்ற இணைய வார இதழைச் சந்தா கேட்டு நடத்தத் தொடங்கினார். சந்தா கேட்பதில் தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கிறது. தானாகப் புதுப்பிக்கும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் விதித்த கட்டுப்பாடுகளால் இந்திய அட்டைகளில் மாதச் சந்தா அறுந்து அறுந்து போயிற்று. வெளிநாட்டு எழுத்தாளர்கள் ஆதாரமாகக் கொள்ளும் சப்ஸ்டாக் போன்ற தளங்கள் நம்பியிருக்கும் ஸ்ட்ரைப் நிறுவனமும் இந்தியாவில் எல்லோருக்கும் கணக்குத் தருவதில்லை. இலங்கையில் இன்னும் மோசம்: பேபால் வழியாக அங்கிருந்து பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவர் கனடாவிலிருக்கும் மாமா வழியாகப் பணம் வாங்குவது ரசிப்பதற்கான கதையல்ல, நடைமுறை.

மூன்றாவது வழி, நிறுவனத்துக்கு எழுதுவது. தமிழ் எழுதத் தெரிந்தவர்களில் எண்ணிக்கையில் அதிகமானோர் இதில்தான் சம்பாதிக்கிறார்கள் என்பது என் கணிப்பு. இவர்களுடைய பெயர் எங்கும் வராது. கைபேசிச் செயலியின் தமிழ் வடிவம், வங்கிப் படிவம், மருந்துச் சோதனைக்கான ஒப்புதல் கடிதம், ஓடிடி படங்களின் துணையுரை, யூடியூப் காணொளிகளுக்கான ஸ்கிரிப்ட், பள்ளிப் பாடங்களைச் சொல்லும் செயலிகளின் உரை என்று நாம் அன்றாடம் படிக்கும் தமிழில் பெரும்பங்கு இந்தப் பெயரில்லாதவர்கள் எழுதியது.

இங்கே வழி தெரியாதவர் முதல் வேலையிலேயே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்புக் கூலி சொல் கணக்கில் பேசப்படுகிறது. எந்தச் சொல்? மூலத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லா, முடிந்த தமிழ்ச் சொல்லா? வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் ஐந்து சொல்லில் வருவது தமிழில் இரண்டில் முடியும். ஆயிரம் சொல் ஆங்கிலம் தமிழில் எழுநூறு, எழுநூற்றைம்பதாகச் சுருங்குவது சாதாரணம். தமிழ்ச் சொல்லை எண்ணிக் கூலி வாங்கினால் கால்வாசி வேலையாவது இலவசம். சந்தி பார்த்துச் சேர்த்து எழுதுகிற கவனமானவருக்கு இன்னும் நட்டம்; ‘செய்து கொண்டு இருக்கிறார்’ என்று பிரித்துப் பிரித்து எழுதுகிறவர் கூடுதலாகச் சம்பாதிப்பார்! ஆகையால் அனுபவப்பட்டவர்கள் மூலச் சொல் கணக்கைத் தவிர வேறு பேச மாட்டார்கள். நேரடியாகத் தமிழில் எழுதும் வேலைக்கு மூலமே கிடையாது. அதற்குக் கட்டுரைக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதே நியாயம்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற இணைய வேலைச் சந்தைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபைவர் எழுதுபவர் வாங்குவதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க் ஒரு காலத்தில் முதல் 500 டாலருக்கு 20 சதவீதமும் அதற்குமேல் குறைத்தும் எடுத்தது, 2023இல் நேராகப் பத்து சதவீதமாக்கியது, 2025இல் வேலையைப் பொறுத்துப் பூஜ்யம் முதல் பதினைந்து வரை என்று மறுபடி மாற்றியது. வேலைக்கு விண்ணப்பிக்கவே ‘கனெக்ட்ஸ்’ காசு கொடுத்து வாங்க வேண்டும். தொடக்கக்காரர் தன் முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க இந்தச் சந்தை உதவும். அங்கேயே தங்கிவிடுபவர் உலகத்தின் மிகக் குறைந்த கூலியோடு போட்டியிடுகிறார். முன்பணம் கட்டினால் டைப்பிங் வேலை தருகிறோம் என்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூலி தருபவர் எழுதுபவரிடம் பணம் கேட்க மாட்டார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தச் சந்தை மாறிவிட்டது. அப்வொர்க் தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, பாதிக்கப்பட்ட துறைகளில் தனியாள் தொழிலாளர்களுக்குக் கிடைத்த வேலைகள் 2 சதவீதமும் மாத வருமானம் 5.2 சதவீதமும் குறைந்ததாகக் கண்டது. தேர்ந்தவர்கள் இதிலிருந்து தப்பவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. இன்னோர் ஆய்வு, எழுத்து வேலைகளுக்கான அறிவிப்புகள் எட்டு மாதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் சரிந்ததாகச் சொன்னது. இரண்டும் பெரும்பாலும் ஆங்கிலச் சந்தையைப் பற்றியவை. தமிழில் அடி வேறு உருவத்தில் விழுந்தது. வேலை மறையவில்லை, பெயர் மாறி ‘எம்டிபிஇ’ ஆயிற்று. இயந்திரம் மொழிபெயர்த்துத் தரும், நீங்கள் திருத்த வேண்டும், கூலி முழு மொழிபெயர்ப்பில் ஒரு பங்கு. இயந்திரத் தமிழ் இலக்கணப் பிழையோடு வந்த காலத்தில் திருத்துவது எளிது; பிழை கண்ணை உறுத்தும். இப்போது வாக்கியம் வழவழவென்று ஓடுகிறது, பொருள் மட்டும் எங்கோ தவறியிருக்கிறது. மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் தெரியும், அதற்குப் புதிதாக எழுதும் நேரமே ஆகும். சொல் கணக்கை விட்டு மணிக் கணக்குக்கு மாறச் சொல்லிச் சண்டையிடுபவர்கள் சரியான இடத்தில்தான் சண்டையிடுகிறார்கள்.

ஆக, வாசகர் காசில் வாழ்பவர் பெயரோடு எழுதுகிறார். நிறுவனக் காசில் வாழ்பவர் பெயரில்லாமல் எழுதுகிறார். இரண்டையும் ஒரே மேசையில் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள். காலையில் மருந்து நிறுவனத்துக்கு மொழிபெயர்த்துவிட்டு மாலையில் தன் நாவலை எழுதுபவரைச் சமரசம் செய்துகொண்டவர் என்று பார்ப்பது தவறு. சுஜாதா செய்ததும் அதுதான், அலுவலகம் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. வித்தியாசம் என்னவென்றால் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வருங்கால வைப்புநிதியும் மருத்துவச் செலவும் கொடுத்தது. இந்தக் குறையைத் தொடும் 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் ஏழாம் அட்டவணை, தொழிலாளர் பாதுகாப்புக்குப் பங்களிப்புக் கட்ட வேண்டிய தளங்களின் வகைகளில் உள்ளடக்கம், ஊடகச் சேவைகளையும் சொல்கிறது. உணவு கொண்டுவருபவருக்குப் பேசப்படும் உரிமை கதை கொண்டுவருபவருக்கும் உண்டா என்று கேட்க அதில் இடமிருக்கிறது. இதுவரை எழுத்தாளர் சங்கம் எதுவும் பலமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

வராத பணத்துக்கும் சட்டம் உண்டு, பயன்படுத்துபவர் குறைவு. தனியாக எழுதுபவரும் அரசின் ‘உத்யம்’ தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவுசெய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. பதிவுக்குப் பிறகு செய்த வேலைக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வாங்கியவர் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி என்கிறது சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். வரிச் சட்டமோ வேடிக்கையானது. மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று சில தொழில்களுக்கு அளிக்கப்பட்ட சலுகைப் பட்டியலில் சினிமாவுக்குக் கதை, வசனம் எழுதுபவர் திரைக்கலைஞராக இடம்பெறுகிறார். இணையத்துக்குக் கட்டுரை எழுதுபவர் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. தணிக்கையாளரைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும்.

இவையெல்லாவற்றையும்விட அவசரமானது உரிமை. 1957இன் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாத எழுத்தாளரே தன் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. எனவே ஒன்றும் எழுதாத ஒப்பந்தம் எழுத்தாளருக்கு ஓரளவு பாதுகாப்பு. ‘எல்லா வடிவங்களிலும், உலகமெங்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்று எழுதிய ஒப்பந்தம்தான் ஆபத்து. குடும்ப நாவல் உலகில் இப்போது இந்த வாசகம் ஒலி நாவல் வழியாக நுழைகிறது. யூடியூபில் கதை வாசிக்கும் சேனல்களுக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கிறார்கள். ஒரு நாவலுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒலியுரிமையை வாங்கும்போது அதே தாளில் காட்சி வடிவ உரிமையும் சேர்ந்துவிடுகிறது, கையெழுத்திடுபவர் கவனிப்பதில்லை. தொலைக்காட்சியும் ஓடிடியும் குடும்பக் கதைக்கு அலையும் காலம் இது. ஒலிக்குத் தனித் தாள், காட்சிக்குத் தனித் தாள், இரண்டிலும் ஆண்டு எண்ணிக்கை என்று கேட்டு வாங்கும் நாவலாசிரியைகள் சிலர் இருக்கிறார்கள். தங்கள் ஒப்பந்தப் படிவத்தை அவர்கள் மற்றவர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.